காய்கறி சூப்பும் கணக்கில் வராத வெண்ணெயும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மழைக்காலம் தொடங்கியதும் தங்கள் நாளிதழின் வார இணைப்பில் வெளியாகும் சூப் செய்முறைகளை நான் தவறாமல் படிக்கிறேன். படிப்பதோடு நில்லாமல் பலவற்றைச் சமைத்தும் பார்க்கிறேன். அவற்றில் பெரும்பாலானவை ‘கலோரி குறைந்த’, ‘எடையைக் குறைக்கும்’ என்னும் அடைமொழிகளோடுதான் வருகின்றன. ஆனால் தேவையான பொருள்களின் பட்டியலுக்கு வந்தால், ‘வெண்ணெய் – சிறிது’, ‘எண்ணெய் – தேவையான அளவு’, ‘ஃபிரெஷ் கிரீம் – மேலே ஊற்ற’, ‘உப்பு – ருசிக்கேற்ப’ என்று முடிந்துவிடுகிறது. கேரட்டைக் கிராம் கணக்கிலும் பீன்ஸை எண்ணிக்கையிலும் சொல்லும் அதே பட்டியல், கலோரியைத் தீர்மானிக்கிற பொருள்களை மட்டும் சமைப்பவரின் கைப்பழக்கத்துக்கு விட்டுவிடுகிறது. பள்ளியில் நீண்ட காலம் மனையியல் கற்பித்தவள் என்ற முறையில், இதைக் குறித்துச் சற்று விரிவாகவே எழுத அனுமதி வேண்டுகிறேன்.

ஒரு கிராம் கொழுப்பு 9 கலோரி தருகிறது. மாவுச்சத்தும் புரதமும் கிராமுக்கு 4 கலோரி வீதமே தருகின்றன. இந்த எண்களை நினைவில் வைத்திருந்தால் எந்தச் சூப்பையும் வீட்டிலேயே கணக்குப் பார்த்துவிடலாம். உணவக முறையில் நால்வருக்குச் செய்யப்படும் ஒரு கிரீம் சூப்பை எடுத்துக்கொள்வோம். கேரட், பீன்ஸ், முட்டைக்கோஸ், காலிஃபிளவர் எல்லாம் சேர்ந்து 400 கிராம் இருந்தால் அவற்றிலிருந்து சுமார் 120 கலோரி கிடைக்கும். வதக்குவதற்கு 2 மேசைக்கரண்டி வெண்ணெய் போட்டால் அது மட்டும் 200 கலோரி. கெட்டியாக்க 2 மேசைக்கரண்டி சோளமாவு கரைத்து ஊற்றினால் 60 கலோரி. 25 சதவீதக் கொழுப்புள்ள கிரீமில் 4 மேசைக்கரண்டி சேர்த்தால் ஏறத்தாழ 150 கலோரி. மொத்தம் 530 கலோரியில் காய்கறியின் பங்கு கால்வாசிகூட இல்லை. ஒருவருக்கு 130 கலோரி ஆகிறது. அதன் மேல் எண்ணெயில் பொரித்த ரொட்டித் துண்டுகளைத் தூவினால், ஒரு துண்டு ரொட்டியும் அது உறிஞ்சும் எண்ணெயும் சேர்ந்து இன்னொரு 100 கலோரிக்கு மேல் ஏற்றிவிடும். பெயர் காய்கறி சூப். உள்ளே செல்வதோ வெண்ணெயும் ரொட்டியும்.

இந்தக் கணக்கில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. சூப் என்றாலே சோளமாவைத்தான் எல்லோரும் குறை சொல்கிறார்கள். எண்ணிப் பார்த்தால் சோளமாவால் ஒருவருக்குக் கூடுவது 15 கலோரிதான். வெண்ணெயாலும் கிரீமாலும் கூடுவது 90 கலோரிக்கு அருகில். சோளமாவின் மீது எனக்குள்ள குறை வேறு: அது நாக்கில் வழவழப்பாகப் படர்ந்து காயின் ருசியை மழுக்கிவிடுகிறது, அந்த மந்தத்தைச் சரிசெய்ய மீண்டும் உப்பும் வெண்ணெயும் கூட்டிப் போட வேண்டியதாகிறது. மாலை வேளைகளில் தள்ளுவண்டிகளில் விற்கப்படும் சூப்பில் மாவு அதிகம் இருப்பதை நான் பெரிய குற்றமாகக் கருதவில்லை. மணிக்கணக்கில் அடுப்பில் இருக்கும் அண்டாவில் காய் அடியில் தங்கி, மேலே தண்ணீராக நின்றுவிடாமல் இருக்க அவர்களுக்கு வேறு வழியில்லை. வீட்டில் நான்கு கிண்ணம் வைக்கும் நமக்கு அந்த நிர்ப்பந்தம் கிடையாது.

எனவே தங்களிடம் என் முதல் வேண்டுகோள் இது: ‘கலோரி குறைந்த’ என்று தலைப்பிடும் எந்தச் செய்முறையிலும் எண்ணெய், வெண்ணெய், நெய், கிரீம், சர்க்கரை, உப்பு ஆகியவற்றின் அளவைத் தேக்கரண்டியிலோ கிராமிலோ குறிப்பிட வேண்டும், அது எத்தனை பேருக்கான அளவு என்பதையும் சேர்த்து எழுத வேண்டும். கலோரியைக் கணக்கிட்டு அச்சிடுவது அடுத்த கட்டம். அளவு இருந்தால் கணக்கை வாசகர்களே போட்டுக்கொள்வார்கள்.

இரண்டாவது, காய்களைப் பற்றியது. புரோக்கோலி, சுக்கினி, செலரி ஆகியவை இல்லாவிட்டால் சூப்பே இல்லை என்று நினைக்கும்படி செய்முறைகள் அமைகின்றன. மதுரை நகரின் பெரிய கடைகளில் இவை கிடைக்கலாம். உசிலம்பட்டியிலும் மேலூரிலும் இருக்கும் வாசகி இவற்றுக்கு எங்கே போவார்? தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை 1999 நவம்பர் 14 அன்று தொடங்கப்பட்டது எங்கள் அண்ணா நகரில்தான். அங்கே காலையில் கூடையோடு வந்திறங்கும் சுரைக்காய், பீர்க்கங்காய், புடலங்காய், வெள்ளைப்பூசணி, முள்ளங்கி ஆகியவை அனைத்தும் நீர்ச்சத்து மிகுந்தவை; 100 கிராமுக்கு 20 கலோரியை ஒட்டியோ அதற்குக் கீழேயோ இருப்பவை. சுரைக்காயும் வெள்ளைப்பூசணியும் 15 கலோரியைத் தாண்டுவதே அரிது. கலோரி குறைந்த சூப்புக்கு இவற்றைவிடப் பொருத்தமான காய்களைக் கடல் கடந்து தேட வேண்டியதில்லை. கேரட்டுக்கும் பீன்ஸுக்கும் கொடைக்கானல் மலை இருக்கிறது; 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற மலைப்பூண்டும் அங்கிருந்தே இறங்குகிறது. பக்கத்து மாவட்டத்தில் ஒட்டன்சத்திரம் சந்தை, இங்கே பரவையும் மாட்டுத்தாவணியும் என்று காய்க்குப் பஞ்சமில்லாத ஊரில் இருந்துகொண்டு, உறைய வைத்த பட்டாணிப் பொட்டலத்தையும் டப்பா மக்காச்சோளத்தையும் பிரிக்கச் சொல்லும் செய்முறைகளைப் பார்க்கும்போது வருத்தமாகவே இருக்கிறது.

இனி, ருசிக்கு வருகிறேன். ‘வெண்ணெய் இல்லாமல் வைத்தால் காய் வேகவைத்த தண்ணீர் மாதிரிதானே இருக்கும், டீச்சர்?’ என்று எங்கள் தெருப் பெண்கள் கேட்பார்கள். காய்களை நறுக்கிக் குக்கரில் போட்டு, விசில் வந்ததும் உப்பும் மிளகுத்தூளும் தூவி இறக்கினால் அப்படித்தான் இருக்கும். வெண்ணெய் செய்யும் வேலைகளை வேறு எவை செய்யும் என்று பிரித்துப் பார்த்தால் வழி பிறக்கிறது. சூப்புக்கு ஆழமான சுவை வேண்டும், வாயில் நிற்கும் கெட்டித்தன்மை வேண்டும், கிண்ணத்தை அருகில் கொண்டுவரும்போதே எழும் மணம் வேண்டும். மூன்றுக்கும் நம் அடுக்களையில் பொருள் உண்டு.

ஆழமான சுவை முதலில் வெங்காயத்தை நிறம் மாறும்வரை வதக்குவதில் பிறக்கிறது. பெரிய வெங்காயத்தைவிடச் சின்ன வெங்காயம் இதற்கு மேலானது. அதில் நீர் குறைவு, இனிப்பு அதிகம். அடி கனமான பாத்திரத்தில் ஒரே ஒரு தேக்கரண்டி நல்லெண்ணெய் விட்டு, பொடியாக நறுக்கிய வெங்காயத்தைச் சிறு தீயில் வதக்க வேண்டும். பாதியில் காய்ந்து அடி பிடிப்பது போலத் தோன்றும். அப்போதுதான் பலரின் கை எண்ணெய்ப் புட்டியை நோக்கிப் போகிறது. எண்ணெய்க்குப் பதிலாக ஒரு மேசைக்கரண்டி தண்ணீரைத் தெளித்துச் சுரண்டிவிட்டால் பாத்திரத்தில் ஒட்டிய பழுப்பு நிறப் படலம் கரைந்து வெங்காயத்தோடு சேர்ந்துகொள்ளும். தண்ணீர் வற்றியதும் மீண்டும் ஒட்டும், மீண்டும் தெளிக்கலாம். பத்து நிமிடத்தில் வெங்காயம் நல்ல பழுப்பாகிவிடும். அந்தப் பழுப்புப் படலத்தில்தான் ருசி முழுவதும் இருக்கிறது, அதைத் தேய்த்துக் கழுவித் தள்ளுவது பெரிய நட்டம்.

அடுத்தது தக்காளி. 1908-இல் ஜப்பானிய வேதியியலாளர் கிகுனே இகேடா, கடற்பாசிக் குழம்பின் தனிச்சுவைக்குக் காரணம் குளூட்டமேட் என்னும் பொருள் என்று கண்டறிந்தார். (அதன் சோடியம் உப்புதான் இன்று கடைகளில் வெள்ளைப் படிகமாகப் பொட்டலத்தில் விற்கப்படுகிறது.) அந்தக் குளூட்டமேட் பழுத்த தக்காளியில் இயற்கையாகவே நிறைய உண்டு, சதையைவிட விதையைச் சுற்றியுள்ள கொழகொழப்பான பகுதியில் இன்னும் அதிகம். தக்காளியை வெந்நீரில் போட்டுத் தோலுரித்து, விதையை நீக்கிவிட்டுச் சேர்க்கும்படி எழுதப்படும் செய்முறைகள், ருசியின் பெரும்பங்கைக் குப்பையில் போடச் சொல்கின்றன என்றே சொல்வேன். தோல் வேண்டாம் என்பவர்கள் தோலை மட்டும் உரிக்கலாம். பழுத்த நாட்டுத் தக்காளியாக இருந்தால் புளிப்பும் கிடைக்கும். சிப்பிக் காளான் கிடைத்தால் நான்கைந்தைக் கிழித்துப் போடலாம். சுவை தெளிவாகவே கூடும், கலோரி பெயரளவுக்குத்தான்.

மூன்றாவதாக, ஊற்றும் தண்ணீர். வெறும் தண்ணீருக்குப் பதிலாகக் காய்க்கழிவுகளை வேகவைத்த நீரை ஊற்றிப் பாருங்கள். கேரட்டின் நுனியும் தோலும், கொத்தமல்லித் தண்டு, காலிஃபிளவரின் நடுத்தண்டு, பச்சைப் பட்டாணித் தோல், ஒரு துண்டு இஞ்சி, நசுக்கிய சில பூண்டுப் பற்கள் ஆகியவற்றை நன்றாகக் கழுவி, ஒரு லிட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் சிறு தீயில் கொதிக்கவிட்டு வடித்தால் பொன்னிறமான நீர் கிடைக்கும். சின்ன வெங்காயத்தின் காய்ந்த தோல் இரண்டைச் சேர்த்தால் நிறம் இன்னும் தூக்கலாக இருக்கும். முட்டைக்கோஸ் தண்டை மட்டும் கடைசிப் பத்து நிமிடத்தில் போட வேண்டும். அதிக நேரம் கொதித்தால் கந்தக நெடி வந்துவிடும். பாகற்காய்க்கும் பீட்ரூட்டுக்கும் இதில் இடமில்லை. மருந்து தெளித்த காய்களைப் பற்றிய அச்சம் உள்ளவர்கள் தோலைத் தவிர்த்துத் தண்டுகளை மட்டும் பயன்படுத்தலாம்.

கெட்டித்தன்மைக்குச் சுரைக்காயும் பாசிப்பருப்பும் போதும். வெறும் வாணலியில் வாசம் வரும்வரை வறுத்த பாசிப்பருப்பு ஒரு மேசைக்கரண்டியைச் சுரைக்காய்த் துண்டுகளோடு குக்கரில் வைத்து மூன்று விசில் விட்டு, கீரை மத்தால் மசித்தால், கிரீம் ஊற்றிய சூப்பின் வழவழப்புக்கு மிக அருகில் வந்துவிடும். ஒரு மேசைக்கரண்டிப் பருப்பு தருவது 50 கலோரி; நால்வருக்குப் பிரித்தால் ஒரு பொருட்டே அன்று, கூடவே கொஞ்சம் புரதமும் கிடைக்கிறது. மிக்ஸியில் அரைப்பவர்கள் ஆறவைத்து அரைக்க வேண்டும் என்பதை அழுத்திச் சொல்கிறேன். கொதிக்கும் சூப்பை மூடிபோட்டு ஓடவிட்டால், உள்ளே எழும் ஆவி மூடியைத் தூக்கி எறிந்து கையையும் முகத்தையும் வேகவைத்துவிடும்.

சுரைக்காயைப் பற்றி இன்னொரு எச்சரிக்கையும் தேவை. நகத்தால் கீறினால் எளிதில் இறங்கும் பிஞ்சாகப் பார்த்து வாங்க வேண்டும். நறுக்கியதும் ஒரு சிறு துண்டை நாக்கில் வைத்துப் பார்த்து, கசந்தால் முழுக் காயையும் தயங்காமல் தூக்கி எறிந்துவிட வேண்டும். அந்தக் கசப்புக்குக் காரணமான குக்குர்பிட்டசின் ஒரு நச்சுப்பொருள். கொதிக்கவைத்தாலும் அது அழியாது. கசப்புச் சுரைக்காய்ச் சாற்றைக் குடித்து உயிரிழந்தவர்கள் நம் நாட்டில் உண்டு. மசாலா சேர்த்துக் கசப்பை மறைத்துவிடலாம் என்று எண்ணுவது ஆபத்து.

மணம், இறக்கும் நேரத்து வேலை. மிளகும் சீரகமும் அரைத் தேக்கரண்டி வீதம் வெறும் சட்டியில் சூடேற்றி, உரலில் கொரகொரப்பாக இடித்து, அடுப்பை அணைத்த பிறகு தூவ வேண்டும். முன்கூட்டியே போட்டுக் கொதிக்கவிட்டால் காரம் மட்டும் மிஞ்சும். வாசம் ஆவியோடு போய்விடும். பொடித்து மாதக்கணக்கில் டப்பாவில் கிடந்த மிளகுத்தூள் இந்த வேலைக்கு உதவாது. எலுமிச்சைச் சாற்றையும் அணைத்த பிறகே பிழிய வேண்டும்: வைட்டமின் சி சூட்டில் சிதையக்கூடியது, சாறு கொதித்தால் கசப்பும் தட்டும். புளிப்பு சற்று முன்னே நின்றால் உப்புக் குறைவு நாக்குக்குத் தெரியாது. ஆகவே உப்பைக் கடைசியில், புளிப்புச் சேர்த்த பிறகு, ருசி பார்த்துப் போடுவதே நல்லது. தொடக்கத்திலேயே போட்டால் நீர் வற்ற வற்ற உப்பு ஏறிவிடும்.

மொத்தமாகச் சொன்னால், நால்வருக்கு இளம் சுரைக்காய் 250 கிராம், தக்காளி 150 கிராம், சின்ன வெங்காயம், கேரட், பீன்ஸ் ஆகியவை 50 கிராம் வீதம், பாசிப்பருப்பு ஒரு மேசைக்கரண்டி, நல்லெண்ணெய் ஒரு தேக்கரண்டி, பூண்டு நான்கு பல், உப்பு அரைத் தேக்கரண்டி. வெங்காயம் பழுப்பானதும் பூண்டு, பிறகு நறுக்கிய தக்காளி. அது குழைந்து சுருண்டதும் பொடியாக அரிந்த கேரட்டும் பீன்ஸும் போட்டு, காய்க்கழிவு நீரை ஊற்றி, கடித்தால் சற்றே நறுக்கென்று இருக்கும் பதத்தில் வேகவிட்டு, மசித்த சுரைக்காயையும் பருப்பையும் கலந்து ஒரு கொதி வந்ததும் இறக்கிவிடலாம். கணக்குப் போட்டால் மொத்தம் 220 கலோரி, ஒரு கிண்ணத்துக்கு 55. ஏறக்குறைய ஓர் இட்லி அளவு. ஒருவருக்குக் காய் மட்டும் 140 கிராம் வரை உள்ளே போகிறது. நாளொன்றுக்கு 400 கிராம் காய்கறி என்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் சொல்லும் அளவில் மூன்றில் ஒரு பங்கு இந்த ஒரு கிண்ணத்திலேயே நிறைவேறிவிடுகிறது.

அந்த ஒரு தேக்கரண்டி எண்ணெயையும் எடுத்துவிட்டால் இன்னும் நல்லதுதானே என்று சிலர் கேட்கக்கூடும். நான் எடுக்கச் சொல்ல மாட்டேன். கேரட்டிலும் கீரையிலும் உள்ள பீட்டா கரோட்டின், தக்காளியிலுள்ள லைகோபீன் ஆகிய சத்துகள் கொழுப்பில் கரைபவை. உடன் சிறிதளவாவது கொழுப்பு இருந்தால்தான் குடல் அவற்றை ஒழுங்காக ஏற்றுக்கொள்ளும். மேலும், எண்ணெய் அறவே இல்லாத சூப்பை வீட்டில் உள்ளவர்கள் இரண்டாம் முறை கேட்பதில்லை.

எங்கள் பக்கத்தில் நடைப்பயிற்சி முடித்து வருவோர் விரும்பிக் குடிக்கும் முருங்கைக்கீரை சூப்பையும் வாழைத்தண்டு சூப்பையும் பற்றிச் சில சொற்கள். முருங்கைக்கீரையைக் கொதிக்கவைத்து, வடிகட்டி, தெளிந்த நீரை மட்டும் குடித்துவிட்டுக் கீரையைக் கொட்டிவிடும் பழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. நீரில் கரையாத கரோட்டினும் நார்ச்சத்தும் புரதமும் அந்தச் சக்கையிலேயே தங்கிவிடுகின்றன. இளங்கீரையாக உருவி, ஐந்து நிமிடம் மட்டும் வேகவிட்டு, மத்தால் கடைந்து கீரையோடு குடிப்பதே முறை. வாழைத்தண்டை வட்டமாக அரியும்போது விரலில் சுற்றி வரும் நாரை எடுத்துவிட்டு, கறுக்காமல் இருக்க மோர் கலந்த நீரில் போட்டு வைத்து, பிறகு மேலே சொன்ன அதே முறையில் வெங்காயம் தக்காளியோடு வேகவைக்கலாம். சுரைக்காய் மசியல் இங்கும் கைகொடுக்கும். இவை ‘கொழுப்பைக் கரைக்கும்’ என்று எழுதுவதைத் தங்கள் நாளிதழ் நிறுத்திக்கொண்டால் நன்றியுடையவளாக இருப்பேன். உடம்பில் சேர்ந்த கொழுப்பை எந்தச் சூப்பும் கரைப்பதில்லை. வயிற்றில் இடத்தை அடைத்து, அடுத்து வரும் உணவைக் குறைக்க உதவுகிறது, அவ்வளவே.

அதற்குச் சான்று உண்டு. அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், மதிய உணவுக்கு முன் கலோரி குறைந்த காய்கறி சூப் குடித்தவர்கள், சூப்பின் கலோரியையும் சேர்த்துக் கணக்கிட்டபோதுகூட, குடிக்காத நாளைவிட 20 சதவீதம் குறைவாக உண்டனர். காயைத் துண்டுகளாக விட்டாலும் கூழாக அரைத்தாலும் பெரிய வேறுபாடு தென்படவில்லை. மெல்லுவதற்கு ஏதாவது இருக்க வேண்டும் என்று நான் துண்டுகளை விடுவது என் விருப்பம் மட்டுமே. ஆனால் நம் வீடுகளில் நடப்பது வேறு. இரவு எட்டு மணிக்குச் சூப், கையோடு வழக்கமான நான்கு தோசையும் தேங்காய்ச் சட்னியும். அந்தச் சூப் கூடுதல் கலோரியாகத்தான் முடியும். சூப் குடித்த கால் மணி நேரம் கழித்துத் தோசைக்கல்லை அடுப்பில் ஏற்றினால், நான்காவது தோசையைப் பெரும்பாலும் யாரும் கேட்க மாட்டார்கள்.

பொட்டலச் சூப்பைப் பற்றி அதிகம் எழுத வேண்டியதில்லை. கலோரியைப் பொறுத்தவரை அவற்றில் சில மோசமில்லை, சிக்கல் உப்பில். பொட்டலத்தின் பின்புறம் சோடியத்தின் அளவு மில்லிகிராமில் இருக்கும். அதை இரண்டரையால் பெருக்கினால் உப்பின் அளவு வரும். நாளொன்றுக்கு 5 கிராமுக்கு மேல் உப்பு கூடாது என்பது உலக சுகாதார அமைப்பின் பரிந்துரை; அதாவது 2,000 மில்லிகிராம் சோடியம். அட்டவணையில் உள்ள எண் ஒரு கிண்ணத்துக்கா, 100 கிராம் பொடிக்கா என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். வீட்டில் நால்வருக்கு அரைத் தேக்கரண்டி போட்டால் ஒருவருக்கு முக்கால் கிராம் அளவில் நின்றுவிடும்.

மீந்த சூப்பை எங்கள் ஊர் வெக்கையில் வெளியே வைத்திருக்கக் கூடாது. இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்பெட்டிக்குள் வைத்துவிட வேண்டும். பருப்பு இருப்பதால் மறுநாள் இறுகியிருக்கும். வெந்நீர் விட்டு நெகிழ்த்தி, நன்கு கொதிக்கவைத்து, மிளகையும் எலுமிச்சையையும் புதிதாகச் சேர்த்தால் போதும்.

கடைசியாக, இத்தகைய செய்முறைகளில் ஒருபோதும் அச்சாகாத இரண்டு செய்திகள். சர்க்கரை நோய்க்கு இன்சுலினோ மாத்திரையோ எடுத்துக்கொள்பவர்கள், எடை குறைய வேண்டும் என்ற ஆவலில் இரவு உணவை விட்டுவிட்டு 55 கலோரிச் சூப்போடு படுத்துவிட்டால், நள்ளிரவில் சர்க்கரை அபாய அளவுக்கு இறங்கிவிடலாம். அவர்களுக்குச் சூப் உணவின் முன்னுரையாக இருக்கலாமே தவிர, உணவாக இருக்க முடியாது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், மருத்துவரைக் கேட்காமல் காய்கறி சூப்பைத் தினமும் குடிக்கத் தொடங்கக் கூடாது. அவர்களுக்குக் காய்களை நிறைய நீரில் வேகவைத்து, நீரை வடித்துவிட்டு உண்ணச் சொல்வது, காயிலுள்ள பொட்டாசியம் நீரில் இறங்கிவிடும் என்பதால்தான். சூப்பிலோ இறங்கியது முழுவதையும் குடித்துவிடுகிறோம். சோடியம் குறைந்தது என்று விற்கப்படும் உப்புகளில் பொட்டாசியம் குளோரைடு கலந்திருப்பதால், அவற்றைச் சூப்பில் போடுவது இவர்களுக்கு இரட்டைக் கேடு. இவ்விரண்டு குறிப்புகளையும் வேறொரு பக்கத்தின் மருத்துவப் பகுதிக்கு ஒதுக்காமல், சூப் செய்முறைக்கு அடியிலேயே அதே எழுத்தளவில் அச்சிட ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மனையியல் ஆசிரியை,
அண்ணா நகர், மதுரை.